மிலாறு உரிமத்தின் கீழே இருக்கும் நாலு வரி

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

மிலாறு கம்பைலரைத் தரவிறக்கும்போது அதோடு ஓர் உரிமக் கோப்பும் வருகிறது. நீளமான ஆங்கிலம். அதை யாரும் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாசித்திருக்கிறேன், பல தடவை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எங்கேயாவது ஒரு வாக்கியம் திரும்பி வந்து நம்மைக் கடித்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். அந்த ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் நாலு வரி இருக்கிறது. போன மாதம் உங்களில் ஒருவர், "அக்கா, மேல இருக்கிறதே போதுமே, இந்த நாலு வரியத் தூக்கிடவா?" என்று கேட்டிருந்தீர்கள். "தொடாதீங்க" என்று மட்டும் பதில் போட்டேன். போட்ட பிறகு, அது பதில் இல்லை, அதட்டல் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பதுளை டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுத்து, டைப் அடித்து, அங்கே இருந்த கம்ப்யூட்டரில் கை பழகினேன். மிலாறில் என் வேலை நிரல் எழுதுவது அல்ல. மற்றவர்கள் எழுதி அனுப்புவதை வாங்கி, சோதித்து, ஒன்றாகக் கட்டி வெளியே விடுவது. பயந்த சுபாவத்துக்கு ஏற்ற வேலை. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆளுக்கு, வெளியே விடும் முன் இன்னொரு தடவை சோதி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய பிறகு மலையில் காய்ந்து கிடக்கும் குச்சிக்குத்தான் மிலாறு என்று பெயர். கிடப்பதை யாரும் கட்டி எடுத்து வந்து அடுப்பெரிக்கலாம். எங்கள் மொழிக்கு அந்தப் பெயரை வைத்ததே அதற்காகத்தான். தமிழிலேயே நிரல் எழுதலாம், எங்கள் கம்பைலர் அதை இயந்திரம் ஓட்டக்கூடியதாக மாற்றித் தரும். கம்பைலரை யாரும் சும்மா எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். திருத்திய கம்பைலரை அடுத்தவருக்குக் கொடுத்தால் திருத்தத்தையும் ஒளிக்காமல் கொடுக்க வேண்டும். அந்த நீள ஆங்கிலத்தின் சாரம் அவ்வளவுதான்.

இதைத் தொடங்கியவர் பதுளையில் கணிதம் கற்பித்த ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியர். தன் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்பார், அதனால் இங்கேயும் அவர் சேர் மட்டும்தான். நான் இந்த வேலையில் கற்றதில் பாதி அவரிடமிருந்து. மீதி, அவரோடு ஒத்துப்போகாத இடங்களிலிருந்து.

இனி கலைவாணி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பெண். கொழும்பில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் இங்கே லயத்தில், வரிசை வீட்டில், சித்தியோடு. கலை லீவில் வந்தால், பிள்ளை முதலில் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்கும், மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்ட நேரத்தில் தாய் பஸ் ஏற வேண்டியிருக்கும். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

கொழும்பு அறையில் இருந்தபடியே கலை மிலாறில் ஒரு நிரல் எழுதினாள். சிறு தோட்டக்காரர்கள் கொழுந்து கொண்டுவந்து நிறுக்கிற இடத்தில், தராசிலிருந்து எடையை எடுத்து, ஈரத்துக்குக் கழிப்பதை எவ்வளவு என்று காட்டிக் கழித்து, கொடுத்தவர் கையில் தமிழில் ஒரு துண்டு அடித்துத் தரும். பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலை அதை ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தது. நிறுவையில் தினமும் நடக்கும் சண்டை நின்றுபோனதாம். எல்லா நிறுவை இடங்களுக்கும் வேண்டும், பார்த்துக்கொள்ள நீங்களும் வேண்டும் என்று கலையைக் கூப்பிட்டார்கள். அவள் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். கடைக்காரர், சனிக்கிழமை வரை உன் இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன், அதற்குமேல் என்னைக் கேட்காதே என்றிருந்தார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை தொழிற்சாலை மனேஜர் கலைக்குப் போன் எடுத்தார். சிங்களவர், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார், நல்ல மனிதர்.

"மிஸ், சின்ன பிரச்சினை. நம்ம லோயர் மேடம் கொழும்புல இருந்து கேக்குறாங்க. இந்த கம்பைலர்ல செஞ்ச புரோகிராம் எல்லாம் பப்ளிக்கா குடுக்கணும்னு போட்டிருக்காம். நம்ம கொழுந்து விவரம், லொறி போற ரூட், எல்லாம் அதுக்குள்ள இருக்கு தானே? பக்கத்து பெக்டரிக்கு நாங்களே குடுக்க ஏலுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல பதில் வேணும். இல்லாட்டி வேற கம்பெனி சாமான் எடுக்கச் சொல்றாங்க."

கலை நேரே பதுளைக்கு வந்துவிட்டாள். நாங்கள் மூவரும் சேரின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். அந்தச் சட்டத்தரணி அம்மா பிடித்திருந்தது இரண்டு இடங்கள். இரண்டும் சரியான இடங்கள்.

முதலாவது, எங்கள் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்த ஒரு வாக்கியம்: "மிலாறிலிருந்து வருவதெல்லாம் எல்லோருக்கும் சொந்தம்." ஆங்கில உரிமத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள், தமிழில் சுருக்கமாக ஒன்று சொல்வோம் என்று முன்பு ஒரு கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதியது. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு வாக்கியம் வரும். காமன் கூத்துக்கு ஆக்கினாலும் சரி, கோயில் பூசைக்கு ஆக்கினாலும் சரி, எல்லோருக்கும் என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். எதை எல்லோருக்கும் என்று சொல்கிறோம், எதைச் சொல்லவில்லை என்று பிரித்து எழுத யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குள் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளப் போவதில்லையே.

இரண்டாவதுதான் சிக்கல். கம்பைலர் ஒரு நிரலைக் கட்டும்போது தன்னுடைய ஒரு சிறு துண்டையும் அதற்குள் வைத்து அனுப்புகிறது. ரன்டைம் என்று நீங்கள் சொல்வது. அது இல்லாவிட்டால் நிரல் ஓடாது. அந்தத் துண்டும் அதே உரிமத்தின் கீழ்தான் இருக்கிறது. அப்படியானால் அது உள்ளே இருக்கிற கலையின் நிரலும் அந்த உரிமத்துக்குள் வந்துவிடுகிறதா? எங்கள் மனதில் இல்லை. ஆனால் அப்படி வராது என்று எழுத்தில் எங்கேயும் இல்லை.

"உதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறியள்?" என்றார் சேர். "எங்கட நோக்கம் என்னெண்டு எங்களுக்குத் தெரியும். 'நிரல் எழுதினவருக்கே சொந்தம், ரன்டைம் உள்ள இருக்கிறதால ஒண்டும் மாறாது' எண்டு இப்பவே ஒரு விளக்கம் போடுவம். பத்து நிமிச வேலை."

"ரன்டைம எழுதுனது முருகேசு, சேர்," என்றேன்.

முருகேசு கொஸ்லந்தைக்காரன். எங்களில் கெட்டிக்காரன். இந்தக் கண்டிப்பான உரிமம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கியதும் அவன்தான். பிறகு ஒரு தடவை, வெளியீட்டு அவசரத்தில், கம்பைலரில் அவன் எழுதிய வேறொரு பகுதியை அவனிடம் கேட்காமல் சேர் மாற்றி எழுதினார். மாற்றம் சரியானதுதான். ஆனால் முருகேசு அதன் பிறகு வரவில்லை. போன் நம்பரும் மாறிவிட்டது.

"அவன் குழுவ விட்டுப் போட்டான் தானே," என்றார் சேர்.

"போனது ஆளுங்க சேர். எழுதுனது இங்கதான இருக்கு. அது அவரோடது. நாங்க எல்லாரும் எங்க பங்குக்கு சரின்னு சொல்லலாம், அவர் பங்குக்கு நாங்க எப்புடி சொல்றது?"

"அப்ப அந்த ரன்டைமத் தூக்கிப்போட்டு ரெண்டு நாளில நானே புதுசா எழுதுறன்."

இது நிஜமாகவே ஒரு வழிதான், சட்டத்தில் பிழையில்லை. ஆனால் அவசரத்தில் எழுதிய ரன்டைம் ஒன்றைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, அது ஒருவருடைய கொழுந்து எடையைத் தப்பாகக் காட்டினால்? அதுவும் போக, முருகேசு போனதே இப்படி ஒன்றால்தானே? நான் இதையெல்லாம் கோவையாகச் சொல்லவில்லை. கைகளைப் பிசைந்துகொண்டு, "பயமா இருக்கு சேர்" என்றுதான் சொன்னேன்.

கலைக்குப் பொறுக்கவில்லை.

"ஒங்களுக்கு எதுக்குத்தான் அக்கா பயமில்ல? காஸ் மூடுனோமான்னு பயம், மழ வந்தா பயம், மழ வராட்டியும் பயம். ஒங்க பயத்துக்கு எம் பொழப்ப அடகு வைக்கணுமா? சனிக்கெழம நான் பஸ் ஏறிட்டா எம் புள்ள மறுபடி என்னைய ஆன்ட்டி மாதிரி பாக்கும். சேர் சொல்றாரு, பத்து நிமிசம். போடுங்களேன்!"

அவள் சொன்னது எல்லாமே நியாயம்தான். பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நெருக்கடியில் நம்மை அவசரப்படுத்துகிறவர்கள் எப்போதும் கெட்டவர்களாக இருப்பதில்லை. நியாயம் முழுக்க அவர்கள் பக்கம் இருக்கும். அப்போதும், நமக்கு உரிமையில்லாத ஒன்றை நாம் கொடுத்துவிட முடியாது. கொடுத்தால் அது வாங்கியவரின் கையில்தான் வெடிக்கும். நாளைக்கு முருகேசு எழுந்து, நான் சம்மதிக்கவில்லை என்றால், மாட்டிக்கொள்வது நான் இல்லை, கலை.

இதைத்தான் அவளிடம் சொன்னேன். "வியாழக்கிழமைய எனக்குக் குடு கலை. கொஸ்லந்தைக்கு போய் கேக்குறேன். முடியாதுன்னு சொன்னா சேர் எழுதட்டும், நானே ஒக்காந்து சோதிச்சுத் தாறேன்."

"நானும் வாறேன்," என்றாள் கலை. "நீங்க தனியா போனா அவரு வீட்டு நாயப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவீங்க."

மற்றவர்களிடம் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் கேட்டோம். ஹட்டனில் ஒருவர், கனடாவில் ஒருவர், இங்கே பதுளையில் உள்ளவர்கள், எல்லோரும் சரி என்றார்கள். கனடாக்காரர் கட்டைவிரலை மட்டும் அனுப்பினார். எழுத்தில் வேண்டும் என்று திரும்பக் கேட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை காலையில் நல்ல மழை. பண்டாரவளையில் இறங்கி, கொஸ்லந்தைப் பக்கம் போகும் பஸ் பிடித்தோம். மண் சரிந்து ரோட்டில் பாதி மூடிக்கிடந்த ஓர் இடத்தில் பஸ் ஊர்ந்து போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பஸ் கவுந்தா என்ன செய்றதுன்னும் யோசிச்சு வச்சிருப்பீங்களே?" என்றாள் கலை.

"அதுக்குத்தான் கதவுப் பக்கமா ஒக்காந்தேன்."

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

முருகேசுவின் வீடு லயத்தின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. பின்னால் மாட்டுப்பட்டி. இப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான், இரண்டு மாடு வைத்திருக்கிறான். எங்களைக் கண்டதும் அவன் மனைவி தெய்வானை வாய் நிறைய "வாங்கக்கா" என்றாள். அவன் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நின்று கையைத் துடைத்துக்கொண்டே, "மழைல வந்திருக்கீங்க. அப்ப ஏதோ வேணும்," என்றான்.

விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கவிடவில்லை.

"முடியாதுக்கா. எனக்கு நடந்தது மறந்துபோச்சா? தமிழ் டைப் அடிக்கிற கீபோர்ட் செஞ்சு எல்லாருக்கும் சும்மா குடுத்தேன். ஒரு கம்பெனிக்காரன் அதை எடுத்து அவன் பேர ஒட்டி வித்தான். கேக்கப் போனா, 'எழுதி ஒண்ணும் இல்லையே தம்பி'ன்னான். அதுக்கப்பறம்தான் இந்த லைசன்ஸ் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். இப்ப ஒரு பெக்டரிக்காக அதுல ஓட்ட போடச் சொல்றீங்க."

"ஓட்ட இல்ல முருகேசு..."

"அதோட, இப்ப மட்டும் ஏன் கேக்குறீங்க? அன்னைக்குக் கேக்கலயே?"

"அன்னைக்குக் கேக்காதது தப்புன்னுதான் இன்னைக்கு வந்திருக்கோம்," என்றேன். "சேர் அவரே எழுதிடுறேன்னாரு. வேணாம், ஒன்னைய கேட்டுட்டு வாறேன்னு வந்தேன். இல்லன்னா இல்லதான். டீயக் குடிச்சிட்டுப் போறோம்."

தெய்வானை டீ கொண்டுவந்தாள். கலை மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கெஞ்சவும் இல்லை. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, நிரலை ஓடவிட்டு, அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"பாத்துட்டாவது முடியாதுன்னு சொல்லுங்கண்ணே. ஒங்க கைவேலையும் இதுக்குள்ளதான் இருக்கு."

அவன் முதலில் வேறு பக்கம் பார்த்தான். பிறகு ஓரக்கண்ணால். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நிறுவ எடத்துல நாள் முழுக்க ஓடுதா? மெமரி ஏறிக்கிட்டே போகலையா?"

"வச்ச நாள்ல இருந்து ஓடுது. ஒரு தடவ கூட நிக்கல. தராசுதான் ரெண்டு தடவ நின்னுச்சு."

"நிக்காது," என்றான் முருகேசு, திரையைப் பார்த்தபடியே. "அந்த எடத்த எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை அவன் மறைக்கப் பார்த்தான். முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் பக்கத்துக் காம்பராப் பெண் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் ஒரு தம்ளரோடு வந்தாள். "தெய்வானக்கா, ஒற ஊத்த கொஞ்சம் மோர் குடுங்க. எங்கூட்டுது புளிச்சுப்போச்சு." தெய்வானை எழுந்து போய்த் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் போய்விட்டாள். லயத்தில் தினமும் நடக்கிறதுதான், நான் கவனிக்கக்கூட இல்லை. கலை கவனித்தாள்.

"அந்த அக்கா தயிர் விக்கிறாங்களா?"

"ஆமா, டவுன் கடைக்குக் குடுக்குறா," என்றாள் தெய்வானை.

"அந்தத் தயிர்ல நீங்க பங்கு கேப்பீங்களா?"

"இது என்ன கேள்வி? அவ பாலு, அவ காய்ச்சுனது. நம்ம மோர் ஒரு கரண்டி. அது இல்லாட்டி ஒறையாது, அதுக்காக தயிரு நம்மளுதாயிருமா?"

கலை முருகேசுவைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது அவன் மீசை அசைந்ததில் தெரிந்தது.

"சரி, தயிர்ல பங்கு கேக்க மாட்டேன்," என்றான். "ஆனா இந்த மோரையே கொண்டுபோய், கொஞ்சம் உப்புப் போட்டு, பாக்கெட்ல அடைச்சு, 'இது எங்க கம்பெனி மோரு, என்ன போட்டோம்னு சொல்ல மாட்டோம்'னு வித்தா? அப்ப கேப்பேன். அதுக்கு என்ன வழி?"

அவன் கேட்டதில்தான் எங்களுக்குத் தேவையான பிரிவு இருந்தது. மிலாறால் கட்டிய நிரல் எழுதியவருக்கு, அதற்குள் எங்கள் துண்டு இருந்தாலும். ஆனால் கம்பைலரையோ ரன்டைமையோ திருத்தி, மற்றவர்கள் நிரல் கட்டுவதற்காகக் கொடுத்தால், திருத்தத்தைத் திறந்து காட்ட வேண்டும். நாங்கள் ஆரம்பத்திலிருந்து நினைத்திருந்ததும் இதுதான். நினைத்ததை யாரும் எழுதவில்லை.

அதன் பிறகு வேலை ஓடியது. முருகேசு சொல்ல, கலை அதையே முதல் வரியாக அடித்தாள். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்: பயந்தேன். "அப்ப, போன வருசம் கட்டுன நிரலுக்கு? இது இன்னைல இருந்துதான்னு யாராவது சொன்னா?" பழையவற்றுக்கும் பொருந்தும் என்று ஒரு வரி சேர்ந்தது. "ரன்டைம்னா எதுன்னு வெளியாளுக்கு எப்புடித் தெரியும்?" எந்தெந்தக் கோப்புகள் என்று பெயர் சொல்லி ஒரு வரி. "இந்தத் தமிழும் மேல இருக்கிற இங்கிலீசும் முட்டிக்கிட்டா?" இது மேலே உள்ள உரிமத்துக்கு மேலதிகமாகக் கொடுக்கும் அனுமதி, அதில் எதையும் பறிக்கவில்லை என்று தெளிவாக எழுதினோம். முருகேசு ஒரு கட்டத்தில், "அக்கா, ஒங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமா?" என்று கேட்டான். ஆனால் ஒரு கேள்வியையும் ஒதுக்கவில்லை. மற்றவர்கள் பெயர்களோடு தன் பெயரையும் கீழே அவனே அடித்தான்.

எல்லாம் முடிந்து, இணையப் பக்கத்தில் இருந்த அந்தக் கொட்டை எழுத்து வாக்கியத்தைக் காட்டினேன், இதை எடுத்துவிடப் போகிறோம் என்று.

"வருவதெல்லாம் எல்லோருக்கும் சொந்தமா?" அவன் முகம் சுளித்தான். "இத எவன் எழுதுனது?"

"எல்லாருந்தான். வாசிச்சப்ப நீதான் முதல்ல கை தட்டுன."

தெய்வானை சிரித்த சிரிப்பில் மாடு திரும்பிப் பார்த்தது.

கிளம்பும்போது முருகேசு பஸ் வரும்வரை எங்களோடு நின்றான். "நாளைக்கு அந்த மேடம் ஏதாவது கேட்டா எடுங்க," என்று புது நம்பரைக் கொடுத்தான். "இங்க சிக்னல் இல்ல. தண்ணித் தாங்கிக்கிட்ட நின்னா கெடைக்கும். நான் அங்க நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை தொழிற்சாலை அலுவலகத்தில் நாங்கள் மூவரும் இருந்தோம். சேர் நாலு வரியையும் வாசித்துவிட்டு, ஓர் எழுத்தும் மாற்றாமல் திருப்பித் தந்தார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம். மனேஜர் போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டார். கொழும்பிலிருந்து அந்தச் சட்டத்தரணி அம்மா பேசினார். நாங்கள் அனுப்பியதை முதலே வாசித்திருந்தார்.

"வாசகம் தெளிவாக இருக்கிறது," என்றார். "எனக்கு ஒரே ஒரு கேள்வி. இதைச் சொல்வது யார்? உங்கள் கோப்புகளின் வரலாற்றைப் பார்த்தேன். இந்த ரன்டைம் முழுக்க ஒருவருடைய பெயரில் இருக்கிறது. அவர் இப்போது உங்களோடு இல்லை போல் தெரிகிறது. அவருடைய நேரடிச் சம்மதம் இல்லாமல் நீங்கள் எத்தனை பேர் சொன்னாலும் என்னால் இதை ஏற்கச் சொல்ல முடியாது."

சேர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த காகிதப்பாரத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். கலை மட்டும் மேசைக்கடியில் என் கையைப் பிடித்தாள்.

"அவரின்ட பேரும் கீழ இருக்கு மேடம்," என்றார் சேர். "வேணுமெண்டால் அவரோடயே கதைக்கலாம்."

கொஸ்லந்தைக்கு இணைப்புக் கிடைத்தது. மழைச் சத்தம். அதற்கு மேலே முருகேசுவின் குரல், தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

"ஆமாங்க மேடம், நாந்தான் எழுதுனேன். சம்மதந்தாங்க. என்னையக் கேட்டாங்க, நானும் ஒக்காந்துதான் எழுதுனேன். தயிரு அவுங்களுது. மோருதான் எல்லாருக்கும்."

கொழும்புப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

"தயிரா?"

மனேஜர் குழம்பிப்போய் எங்களைப் பார்த்தார். கலை விளக்க ஆரம்பித்தாள், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது, நான் தொடர்ந்தேன், உளறினேன், சேர் முடித்துவைத்தார். அந்த அம்மாவும் சிரிக்கிறார் என்பது போனில் கேட்டது. "சரி," என்றார். "என் பக்கத்தில் தடையில்லை. தயிர் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்."

மனேஜர் போனை வைத்துவிட்டுக் கலையைப் பார்த்தார். "அப்ப மிஸ், திங்கக்கிழமை முதல் மெஷின் வைப்போமா?"

கலை தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொழும்புக் கடைக்காரரோடு பேசினாள், நின்றபடியே, குனிந்து நன்றி சொல்கிற மாதிரி. அடுத்து இன்னொரு நம்பர். இந்தத் தடவை சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் போனபோது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது: "நாளைக்கு போறியாம்மா?"

"போகல."

"அப்ப எப்ப போற?"

"போகவே இல்லடி. சித்திகிட்ட சொல்லி அந்தப் பையில இருக்கிற என் துணிய எல்லாம் வெளிய எடுத்து வை."

பிறகு அந்தக் குரல், எங்களுக்கெல்லாம் கேட்கும்படி, யாரிடமோ கத்திக்கொண்டு ஓடியது: "சித்தி, பைய அவுக்கணுமாம்!"

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் மிலாறில் நிரல் எழுதி வேலைக்குப் போயிருக்கிறார்கள். யாருக்கும் எங்களிடம் வந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. நாலு வரி பதில் சொல்லிவிடுகிறது. முருகேசு திரும்பி வந்துவிட்டான், நீங்கள் அனுப்பும் திருத்தங்களுக்கு அவன் எழுதும் மறுப்புகளை நீங்களே வாரம் தவறாமல் பார்க்கிறீர்கள். அவன் கடுப்பாக எழுதினால் மனம் உடையாதீர்கள். திருத்தத்தை நன்றாகப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். சேர் இப்போது எதையும் மாற்றுவதற்கு முன், "எழுதினவரைக் கேட்டாச்சோ?" என்று கேட்கிறார், அது தன்னுடைய பழைய வழக்கம் போல.

பயந்தவர்களுக்கும் இந்த வேலையில் இடமுண்டு என்பதை உங்களில் என்னைப் போல இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பயத்தை நெஞ்சுக்குள் வைத்திருந்தால் அது தூக்கத்தைத்தான் கெடுக்கும். கேள்வியாக்கி மேசையில் வையுங்கள். சில சமயம் அதிலிருந்து ஒரு வரி கிடைக்கும்.

அந்த நாலு வரியை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காலம் மாறும், நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள், இதைவிட நன்றாக எழுதுவீர்கள். கீழே இருக்கும் பெயர்களை மட்டும் ஒவ்வொருவராகக் கேளுங்கள். கனடாக்காரரிடம் கட்டைவிரலை வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். கொஸ்லந்தைக்குப் பண்டாரவளையிலிருந்து பஸ் இருக்கிறது. குடை எடுத்துக்கொள்ளுங்கள், கதவுப் பக்கமாக உட்காருங்கள்.